விறகுப்புரையில் சத்தமில்லை

1952 அக்டோபர் 4

இன்றும் டைட்டஸ் அண்ணன், சத்தம் தாங்கவில்லை என்று பராதி சொல்ல வந்துவிட்டார். பக்கத்து வீடு, ஊர் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர், மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கியே ஆகவேண்டிய மனிதர். என்னிடம் பேசவில்லை, நேரே என் வீட்டுக்காரரிடம். "ராஜையா, பொம்பள உளியும் கொட்டாப்புளியும் வச்சு அடிக்கியது நல்லாவா இருக்கு? ஒரு கண்ணு ஒறங்க முடியல்ல."

நான் படித்த பள்ளிக்கூடத்தில் தச்சு வகுப்பு பையன்களுக்கு மட்டும்தான். நான் சன்னலுக்கு வெளியே நின்று படித்தேன். இருபது வருஷம் கழித்து, இப்போதுதான் விறகுப்புரையைக் காலிசெய்து, பட்டறைப் பலகை போட்டு, எனக்கென்று ஓர் அலமாரி தொடங்கியிருக்கிறேன். அதற்குள் இவர், என் வீட்டுக்காரர், தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கிறிஸ்மஸுக்குள்ள இன்னொரு பராதி வந்தா, அங்க பசுவக் கெட்டிருவேன்."

எங்களிடம் பசு இல்லை. ஆனால் இவர் சொன்னால் சொன்னதுதான், வாங்கிவிடுவார்.

அக்டோபர் 11

சத்தம்தானே வெளியே போகக்கூடாது? போகாது. சுவருக்கு உள்பக்கம் ஒரு சாண் விட்டு இன்னொரு கிடுகு மறைப்பு கட்டி, இடையில் தேங்காய் உரித்த தொண்டும் உமியும் குத்தித் திணித்தேன். கதவில் இலவம்பஞ்சு மெத்தையை வைத்து ஆணி அடித்தாயிற்று. மெத்தை இவருடையது. இன்னும் பார்க்கவில்லை.

அக்டோபர் 12

பார்த்துவிட்டார்.

அக்டோபர் 18

ஒருவழியாகச் சமாதானமாகி, சோதித்துப் பார்த்தோம். இவரை டைட்டஸ் அண்ணன் மதில் பக்கம் நிறுத்திவிட்டு, உள்ளே கதவடைத்துக்கொண்டு அடித்தேன். "கேக்குதா?" பதில் இல்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ? கதவைத் திறந்தால் மனிதர் தொண்டை கட்டி நிற்கிறார்.

"அர மணிக்கூறா கேக்கல்ல கேக்கல்லன்னு கத்துகேன். ஒனக்குக் கேக்கல்லியா?"

வெற்றி.

நவம்பர் 9

மூன்று வாரமாக ஒரு பராதி இல்லை. உள்ளே வெக்கைதான் ஆளைக் கொல்லுகிறது. புதுக்கடைச் சந்தையில் மரம் ஒட்டுகிற வச்சிரமும், அதைக் காய்ச்ச ஒரு பானையும் வாங்கி வந்தேன். வச்சிரக் கட்டி பார்க்க அசல் கருப்பட்டி.

நவம்பர் 12

வச்சிரம் காய்ச்சினேன். நாற்றம் தாங்கவில்லை, புகை கூரை வழியே போனது. சாயங்காலம் மதிலுக்கு மேலே டைட்டஸ் அண்ணனின் தலை. தொலைந்தேன், பசு வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லப் பேசினார்.

"டீச்சரே, எல்லாம் பாத்துட்டுதான் இருக்கேன். கருப்பட்டி, புதுப்பானை, அடச்ச கதவு, பொக. நான் ஆரிட்டயும் சொல்லமாட்டேன். வயித்துல வாயுவு. மருந்துக்கு ஒரு குப்பி தருவியளா?"

சாராயம். கருப்பட்டி போட்டு நான் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறேனாம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நாக்கில் வந்தது வேறு: "இன்னும் பக்குவம் ஆவல்ல அண்ணே." உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே கேட்டிருக்காது.

நவம்பர் 20

"ஆச்சா?" மதிலுக்கு மேலே தினமும் இதே கேள்வி.

டிசம்பர் 6

மதுவிலக்குக் கமிட்டிக் கூட்டத்தில் டைட்டஸ் அண்ணன் "எங்க தெரு சுத்தமான தெரு" என்று பேசினாராம். சிரிப்பு வந்தது, கூடவே பயமும். அவர் வேறு யாரிடமாவது உளறிவைத்தால்? பட்டறை மட்டுமா, டீச்சர் வேலையும் போகும். போதும் நேசபாய், உன் விளையாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 13

அலமாரி முடிந்தது. இவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதிலருகே நின்று கூப்பிட்டேன். "ஆச்சு அண்ணே, வாங்க." தோளில் போட்ட நேரியலுக்குள் குப்பியை ஒளித்துக்கொண்டு ஓடிவந்தார். கதவைத் திறந்தேன். அலமாரியைப் பார்த்தார். மூலையில் இருந்த பானையை எட்டி மோந்து, மூக்கைப் பொத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணே, இப்பம் சத்தம் தொந்தரவு இல்லியே?" என்று வெகு மரியாதையாகக் கேட்கிறார்.

டைட்டஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவர் நேரியலைப் பார்த்தேன்.

"என்ன சத்தம்? எனக்கு ஒருநாளும் ஒரு சத்தமும் கேட்டதில்ல."

டிசம்பர் 27

கதவை விரியத் திறந்துவைத்து, கட்டிலுக்குக் கால் செதுக்க உட்கார்ந்தேன். நல்ல காற்று. மணி இரண்டு. ஓங்கி நாலு அடி அடித்ததும், டைட்டஸ் அண்ணன் தன் வீட்டுச் சன்னலைத் தானே சாத்திக்கொண்டார்.