மின்தூக்கியில் கேட்ட குரலுக்குப் பெயர் உண்டு

என் அருமைத் தங்கச்சி சரோஜாவுக்கு,

உன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சியில் போன வாரம் தொடங்கிய மர்மத் தொடரில் ஆவிக்குக் குரல் கொடுத்தவள் நீ. முதல் அத்தியாயம் முடிந்ததும் வண்டி ஓட்டியவர் பெயர்வரை ஓடியது. உன் பெயர் இல்லை. இது அநியாயம். நாலு பேர் கேட்கத்தான் சொல்கிறேன்.

நீ அதைப் பார்க்காமலே போய்விட்டாய். நான் மூன்று முறை பார்த்தேன். பள்ளியில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன்தான், ஆனால் நல்ல கதை எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதை நடப்பது உட்லண்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில். அந்தக் காலத்து மின்தூக்கி, ஒன்று, ஐந்து, ஒன்பதாம் மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் படியேற வேண்டும், நாம் ஏறவில்லையா? புதிதாகக் குடிவந்த மருத்துவமனைத் தாதி ஒருத்தி இரவு வேலை முடிந்து காலையில் வருகிறாள். நல்ல வெயில். மின்தூக்கி ஏழாம் மாடியில் நிற்கிறது. அங்கே கதவே கிடையாது, இருந்தும் திறக்கிறது. தாழ்வாரத்தில் ஈரத் துணிகள், ஒரு ஜோடி செருப்பு. ஆள் இல்லை. உன் குரல் மட்டும்.

“எந்த வீட்டுக்கு... வந்தீங்க?”

எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. கடைசிவரை ஆவியைக் காட்டவே இல்லை. பயம் மொத்தத்தையும் உன் தொண்டையை நம்பி விட்டிருக்கிறார்கள். நீயும் மிரட்டவில்லை. வழி தவறி வந்தவளை விசாரிக்கும் பக்கத்து வீட்டுக்காரியாகக் கேட்டாய். அதனால்தான் நடுங்குகிறது.

நடுவே ஓர் இடைவெளி வருகிறதே, பார்ப்பவர்களுக்கு அது மர்மம். எனக்குத் தெரியும், உனக்கு மூச்சு வாங்கிய இடம் அது. சிகிச்சை முடிந்த வாரம், வளையல் சத்தம் மைக்கில் விழும் என்று கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் போனாய். அந்த மூச்சை அவர்கள் வெட்டவில்லை. போனவள் பேசுவதாக நடித்தாய். இப்போது நீயே போய்விட்டாய், குரல் நிற்கிறது. இதை நான் என்னவென்று சொல்வது?

மறுநாளே தயாரிப்பாளர்களைத் தொலைபேசியில் பிடித்துச் சத்தம் போட்டேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். பெயரை எடுக்கச் சொன்னதே உன் மகன் முரளிதானாம்.

பொங்கோலில் அவன் வீட்டுக்குப் போனேன். தலை குனிந்துகொண்டே சொன்னான்.

“அம்மாவுக்குத் தலைத்திவசம்கூட இன்னும் ஆகல மாமா. பேய்க்குப் பக்கத்துல அம்மா பேரு ஓடினா, ஆத்மா சாந்தியடையலன்னு பேசுவாங்க. வேணாம் லா.”

தொடரைப் பார்த்தாயா என்று அவனைக் கேட்டேன். பார்க்கவில்லை. போடச் சொன்னேன். உன் குரல் வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“அம்மாவுக்கு மூச்சு வாங்குது மாமா.”

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஆனாலும் பெயருக்குச் சரி என்று சொல்லவில்லை. பயம் அவனுக்கு ஆவியிடம் இல்லை, சொந்தக்காரர்களிடம். நாற்பது வருடம் குரல் கொடுத்துப் பிழைத்தவளுக்கு எது சாந்தி என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

ஆகவே இனி நடக்க வேண்டியது இது. முரளி வியாழனுக்குள் தயாரிப்பாளர்களிடம் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டாம் அத்தியாயத்தில் உன் முழுப்பெயரைத் தனியாகப் போட வேண்டும், முன்னால் ‘மறைந்த’ என்று ஒட்டாமல். முதல் அத்தியாயத்தை மறுபடி ஒளிபரப்பும்போது அதிலும் சேர்க்க வேண்டும். பேச வருகிற சொந்தக்காரர்கள் முரளியை விட்டுவிட்டு என்னிடம் வர வேண்டும், நான் பதில் வைத்திருக்கிறேன். இது நடக்காவிட்டால் தாய்மாமனாக உன் திவசத்தில் நான் வந்து நிற்கமாட்டேன். நடந்தால், ஒவ்வொரு வாரமும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு என் வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
பெரியண்ணன்