முன்கூட்டியே வந்த பங்கு

ஜூலை 9, காலை 6.10

மன்னிக்கவும். இந்த மின்நிலையப் பதிவில் எண்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று தெரியும். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் இங்கே சில வரிகள் கூடுதலாக எழுதுகிறேன்.

பேட்டரி 81 சதவீதம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிறது. காற்றாலை சரி. சூரியத் தகடுகளில் உப்பு படிந்திருந்தது, துடைத்துவிட்டேன். மின்சாரத்தை எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கும் கருவிக்கு இந்தத் தீவில் கணக்கப்பிள்ளை என்று பெயர். அதுவும் சரி.

ஒன்றுதான் உறுத்துகிறது. தனியாக இருக்கும் தொம்மை மாமா வீட்டுக்கு இரண்டு பங்கு போயிருக்கிறது.

ஜூலை 10, பிற்பகல் 2.30

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தார் மீட்டர் பொத்தானை அழுத்தித் தங்கள் பங்கை அந்த வீட்டுக்கு விட்டுக்கொடுப்பார்கள். மூன்றாம் நாள் வரை அங்கே விளக்கு அணையாது. இப்போது எங்கும் சாவில்லை. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. தொம்மை மாமாவுக்கு இன்று மூன்று பங்கு.

வயர்லெஸ்ஸில் ஊர்த் தலைவர் பஸ்தியான்: "ஏ பிள்ள, கரண்டு பத்தாம ஐஸ் உருகி மீனு நாறுது. தொம்மை கொக்கி போட்டிருக்கானான்னு பாத்துச் சொல்லு."

உடனே தொம்மை மாமா குறுக்கிட்டார்: "நான் என்ன செத்தா கெடக்கேன்ட்டி, சாவுப் பங்கைத் திங்க? வந்து பாரு!"

போனேன். கம்பியில் திருட்டுக் கொக்கி எதுவும் இல்லை. ஆனால் கதவைப் பாதிதான் திறந்தார். எதையோ ஒளிக்கிறார் என்றே நினைத்தேன்.

ஜூலை 12, மாலை 5.00

ஊர்க்கூட்டம் தீர்மானித்துவிட்டது. தொம்மை மாமா வீட்டு இணைப்பை நான்தான் துண்டித்தேன்.

கணக்கப்பிள்ளை அதை மூன்று முறை திரும்ப இணைத்தது. கடைசியில் இங்கே பேட்டரி அறையில் அவர் வீட்டுக் கம்பியையே கழற்றினேன்.

ஜூலை 14, காலை 9.20

தொம்மை மாமா இறந்துவிட்டார். மூச்சுத்திணறல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார்.

கம்பியை மாட்டினேன். அக்கம்பக்கத்தார் பொத்தானை அழுத்தினார்கள்.

ஜூலை 16, காலை 11.45

பழைய அளவுகளைப் பார்த்தேன். கம்பியைக் கழற்றுவதற்கு முந்தைய வாரங்களில் அவர் வீட்டு மின்விசிறி நிற்கவே இல்லை. விடியும்வரை விளக்கு. வேளைகெட்ட வேளையில் வெந்நீர். இதற்குமுன் சாவு விழுந்த வீடுகளிலும் இப்படித்தான். கணக்கப்பிள்ளை அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. சாவுக்குப் பிறகு நாங்கள் கொடுப்பதை அது முன்பே கொடுக்கிறது. கொடுக்கத்தான் அதற்குத் தெரியும். சொல்லத் தெரியாது.

அப்படித்தானா? இல்லை, அதுவே ஆளைத் தேர்ந்தெடுக்கிறதா? அதன் பச்சை விளக்கு மினுங்கும்போது அதற்கு முதுகைக் காட்ட முடியவில்லை.

ஜூலை 20, காலை 6.05

இரண்டு பங்கு. எங்கள் வீட்டுக்கு.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறேன்.

ஜூலை 21, பிற்பகல் 3.40

மூன்று பங்கு. கணக்கப்பிள்ளை பற்றித் தெரிந்துகொண்டதையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொன்னேன்.

பஸ்தியான்: "மிஷினுக்குச் சாவு தெரியுமாம்! படிச்ச பிள்ள நல்லாத்தான் கத கட்டுது. ஊருக்கு ஒரு பங்கு, ஒங்க வூட்டுக்கு மூணா? கம்பி அறுக்க வாறோம்."

வீட்டு வயர்லெஸ்ஸிலிருந்து அம்மா: "எனக்கென்னட்டி, கல்லு மாதிரி இருக்கேன். நீ சோறு தின்னியா?"

பேசி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. ஒரு வாரமாக அம்மா சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறாள். புழுக்கம் என்றாள். நம்பினேன்.

ஜூலை 21, மாலை 5.50

பேட்டரி அறையை உள்ளே தாழிட்டுவிட்டேன். வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். கதவை இடிக்கிறார்கள். எங்கள் வீட்டு மின்விசிறி இன்னும் ஓடுகிறது. மீட்டரில் தெரிகிறது.

ஆறு மணிக்கு இந்தப் பதிவு கரையிலுள்ள அலுவலகத்துக்குத் தானாகப் போகும். படிப்பவர் யாரென்று தெரியாது. இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

இந்தக் காற்றில் எங்கள் வள்ளங்கள் கடலில் இறங்காது. உங்கள் பெரிய படகை அனுப்புங்கள், டாக்டரோடு. அம்மா வர மாட்டேன் என்பாள். நோய் என்று சொல்லாதீர்கள். மீட்டர் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள், கதவைத் திறப்பாள். அதுவரை இந்தக் கம்பியை நான்