திட்டாமல் விட்டது

18 ஜூன் 1989, ஞாயிறு

காலை ஆராதனையில் போதகர் ஆவியின் கனியான ஒன்பது நற்குணங்களைப் பற்றிப் பேசினார். சாந்தத்துக்கு வந்ததும் பெண்கள் பக்கம் இருந்த என்னை நோக்கிக் கையை நீட்டி, "நம்ம கிரேஸைப் பாருங்க. இவ குரல் உசந்து யாராவது கேட்டதுண்டா?" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். பக்கத்தில் இருந்த அண்ணி சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"உன் புஸ்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டது தப்புதான். எத்தனை தடவை ஸாரி கேட்டேன்? ஒரு மாசமா என் மூஞ்சியப் பார்த்துப் பேசல நீ. சாந்தமாம் சாந்தம்! நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

கோபத்தை அடக்க உதவும்படிதான் இத்தனை நாளும் ஜெபித்தேன். ஆனால் நான் அதை அடக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். பேசாமல் இருந்தால் அவளுக்கு வலிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இப்பவாவது 'போகாதீங்க அண்ணி'ன்னு சொல்லேன். பையைக் கீழ வெச்சிடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. தாம்பரத்தில் பஸ் பிடித்துக் கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். ஏன் போனாள் என்று என்னிடம் கேட்கவில்லை. அவனும் என் மௌனத்துக்குப் பயப்படுகிறானோ?

சற்று முன் ஜெபிக்க முழங்காலில் நின்று பார்த்தேன். அங்கும் ஒரு வார்த்தை வரவில்லை.