நம் ஓடைக்கு ஒரு பாலம்

தலவாக்கலை
ஆடி, 1964

அன்பு அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பல நாட்டு இன்ஜினியர்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடக் கற்றுக்கொடுக்க, உங்களை இன்னும் இரண்டு வருஷம் லண்டனிலேயே இருக்கச் சொல்கிறார்களாம். சந்தோஷம்தான்.

பாடத்துக்கு உதாரணமாக, பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடும் நம் ஓடையைக் கொடுத்திருக்கிறீர்களாமே! படித்ததும் சிரித்துவிட்டேன். கல்யாணமான புதிதில் வெள்ளத்தின் ஆழம் பார்க்கிறேன் என்று என் குடையைத்தானே தண்ணீருக்குள் விட்டீர்கள்? குடை ஓடையோடு போனது. நான் முறைத்ததும், குறுக்கே கிடந்த ஒற்றை மரத்தின் மேல் அக்கரை வரைக்கும் என் கையை விடாமல் கூட்டிப்போனீர்கள். அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது.

கானாக்காரரும் பர்மாக்காரரும் உங்கள் வகுப்பில் தினமும் நம் ஓடைக்குப் பாலம் போடுகிறார்கள் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பக்கத்து லயத்து வேலாயி அக்காவிடம் சொன்னேன்.

"அதுல ஒண்ண இங்க அனுப்பச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

இங்கே இன்னும் அதே மரம்தான். மழைக்குப் பாசி பிடித்திருக்கிறது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பெல்லாம் மரத்தைக் கண்டால், "அப்பா வந்து தூக்கட்டும்" என்று அழுதுகொண்டு நின்றுவிடுவாள். இப்போது அழுவதில்லை. தனியாகவே தாண்டிவிடுகிறாள்.

இப்படிக்கு,
அந்தக் குடைக்காக இன்னும் கோபமாக இருப்பவள்