அத்தைக்கு ஊத்தின கஞ்சி

மாமாவுக்கு, சென்னையிலேர்ந்து ராஜாம்பாள் எழுதறது. முட்டிவலி எப்படி இருக்குது? சர்க்கரை மாத்திரையை விடாம போடுறீங்களா? நான் நல்லா இருக்கிறேன்.

நம்ம செஞ்சி பக்கம் நடவுக்கு மிஷின் வந்துட்டதாலதானே, படுக்கையில கிடக்கிறவங்களைப் பாத்துக்கிற இந்தப் பயிற்சிக்கு வந்தேன். முதல் நாளே டீச்சர்கிட்ட, "படுத்த மாமியாரை மூணு வருஷம் பாத்தவ நான், எனக்கு இன்னா கத்துக்குடுக்கப் போறீங்க?"ன்னு பெருமையா கேட்டேன். நேத்து பொம்மைக்குக் கஞ்சி ஊட்டச் சொன்னாங்க. வீட்டுல செஞ்ச மாதிரியே மல்லாக்கப் படுக்கவெச்சி பாலாடையில ஊத்தினேன். "ஆயா, பொம்மையா இருக்கப்போய் பொழச்சுது!"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். படுத்தவாக்குல ஊத்தினா கஞ்சி நுரையீரலுக்குப் போயிடுமாம். உட்காரவெச்சித்தான் குடுக்கணுமாம்.

கடைசி வாரம் பூரா அத்தை கஞ்சி குடிச்சிக் குடிச்சி இருமினாங்களே, மாமா.

மருமக சுமலதாகிட்ட சொல்லுங்க, பேரனுக்குப் பாலாடையில பால் குடுத்தா தலையைத் தூக்கிப் பிடிக்கணும். மவன் பூபதி இங்க வந்தா என் கம்பளியைக் குடுத்தனுப்புங்க. போன கடிதத்துல கேட்டேனே அத்தை போட்டோ, அதை இப்ப அனுப்ப வேணாம்.

கிளாஸுக்கு மணி அடிச்சிட்டாங்க.

ராஜாம்பாள்