டவுன்ஹால் பலகையில் உன் பெயர்

குன்னூர்,
ஜூன் மாதம், ஞாயிறு மாலை.

அன்பு மகள் லிஜிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இருமல் மட்டும் மழையோடு வந்திருக்கிறது, மழையோடு போய்விடும். நீயும் மாப்பிள்ளையாகப் போகிற ரிஜோவும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். பின்சுவர் மறுபடி ஊறுகிறது. நேற்று காட்டெருமை வந்து கேரட் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது, அப்பா ஜன்னல் வழியாக அதைத் திட்டியதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் டவுன்ஹால். சனிக்கிழமை தவறாமல் நீ அனுப்பும் வீடியோவைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது வருஷக் கட்டடம், மில் புகையில் கறுத்த கல்லைக் கழுவித் தேன் நிறத்துக்குக் கொண்டு வந்தார்கள், உள்ளே ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்கிறாய். நம் கோயில் கண்ணாடி ஜன்னலில் நிற்பது யோவானா பேதுருவா என்று கேட்டால் இன்றைக்கும் உனக்குத் தெரியாது, பிரசங்கம் முடிவதற்குள் வாசலில் நிற்பாய். அங்கே ஜன்னலில் இருக்கிற செம்மறி ஆட்டுக்கும் நெசவுக்காரனுக்கும் எனக்குப் பாடம் எடுக்கிறாய். உனக்குப் பாடம் எடுத்தது யார், உன் கீழ்வீட்டு ஐரீன் அம்மா. ஊர்க்காரர்களுக்கு டவுன்ஹாலைச் சுற்றிக் காட்டுகிற புண்ணியவதி, உன்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குகிறார், சந்தோஷம். ஆனால் எதற்கெடுத்தாலும் ஐரீன் சொன்னாங்க, ஐரீன் சொன்னாங்க. நான் பின்னிய ஸ்வெட்டர் கலர் சரியில்லை என்று பீரோவிலேயே கிடக்கிறது, அவர் பின்னிய மஃப்ளர் எல்லா வீடியோவிலும் உன் கழுத்தில் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா.

ஆகஸ்டில் அந்த டவுன்ஹாலிலேயே ரிஜிஸ்தர் கல்யாணம் என்றாய், இங்கே வர இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது என்றாய், சரி என்றேன். அலைச்சல் வேண்டாம், வீடியோவில் பாருங்கள் என்றாய், அதற்கும் வாயை மூடிக்கொண்டேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும், ஒரு கையெழுத்து ஐரீன் போடுவாங்க என்றாய், போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அப்புறம் அந்தப் போட்டோ வந்தது. டவுன்ஹால் அறிவிப்புப் பலகையில் உன் பெயரும் ரிஜோ பெயரும், ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாமாம், ஐரீன் அம்மா சிரித்துக்கொண்டு உன் பெயரின் மேல் விரலை வைத்து நிற்கிறார். எனக்கு ஆட்சேபனை இருந்தது லிஜி. ரிஜோ மேல் இல்லை, தங்கமான பையன். அந்த விரல் மேல்.

உடனே என்ன செய்தேன் தெரியுமா, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் சபைக்குப் புதிதாக வந்த போதகர் ஐயரிடம் போய், தேதி பிறகு சொல்கிறேன் என்று உங்கள் பெயர்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்களே, அதற்கு. பிறந்த ஊரில் வாசிக்காமல் அந்நியச் சுவரில் ஒட்டுவதா என்ற ஆத்திரம். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தார், கேட்கக் காது குளிர்ந்தது. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டு எந்த மண்டபமுங்க டீச்சர், எந்தத் தேதிங்க என்று கேட்கிறார்கள், நான் மழுப்பினேன். செவ்வாய்க்கிழமை ஐயர் தேதி குறிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா இருமிக்கொண்டே, கல்யாணம் இங்க இல்லீங்க ஐயா, இங்கிலாந்துல டவுன்ஹால்லங்க என்று போட்டு உடைத்தார். ஐயருக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கோயில் கல்யாணத்துக்குத்தானுங்கம்மா ஓலை, இனி வாசிக்க முடியாதுங்க என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஓலை வராவிட்டால் ஊர் என்ன நினைக்கும், கல்யாணம் நின்றுபோனது என்றல்லவா நினைக்கும். என் பொறாமையால் உன் பெயர் கெட இருந்தது. நானே எழுந்து சொல்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

இன்று காலை ஆராதனையில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். உட்காரப் போகும்போது பின் பெஞ்சிலிருந்து ஆயம்மாள், டவுன்ஹாலுன்னா நம்ம தாலுக்கா ஆபீஸ் மாதிரிங்களா டீச்சர் என்று கேட்டாளே, எனக்கு வந்தது பார் கோபம். என் மகள் கல்யாணம் ஆபீஸிலா. நாலு பக்கமும் முகம் வைத்த மணிக்கூண்டு, வாசல் வளைவில் செதுக்கிய தலைகள், இரண்டாகப் பிரிந்து ஏறும் பளிங்குப் படி, கப்பலைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஓக் மரக் கூரை, தரையில் தேனீப் படம் போட்ட சின்னச் சின்ன ஓடு, சாயங்கால வெயிலில் சிவப்பும் நீலமுமாகப் படியில் விழுகிற ஜன்னல் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்த வீடியோதான், எப்போது மனப்பாடம் ஆனது என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் ஆயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேர்ல பாத்தவங்களுக்குத்தானுங்க இப்படிச் சொல்ல வரும், எப்பங்க போயிட்டு வந்தீங்க என்றாள். ஆகஸ்டில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா எருசலேம் யாத்திரைக்கென்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனார்.

அலைச்சல் வேண்டாம் என்று நீ சொன்னது பாசத்தில்தான் என்கிறார் அவர். இருக்கலாம். ஆனாலும் வாங்கம்மா என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுதான் என்னை அரிக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடக்காதே, ரிஜோவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே. சாட்சி இரண்டு பேர் என்று நீதான் சொன்னாய். ஒரு கையெழுத்தை ஐரீன் அம்மா போடட்டும், உன்னைப் பார்த்துக்கொண்டவர், அவருக்கு உரிமை உண்டு. இன்னொன்றுக்கு யாரையும் கூப்பிட்டுவிடாதே. என் கையெழுத்து அங்கேயும் இப்படித்தான் இருக்கும்.

உன் அம்மா,
த. தபித்தாள்