உங்கள் துவக்கில் நான் பூட்டிய தொலைநோக்கி

என்னை ஒருநாளும் வெல்ல விடாத என் அன்பு ரெஜினா மச்சாளுக்கு,

நேற்று நான் உங்களை வென்றுவிட்டேன். இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. உங்களுடைய நூற்று எண்பத்தொன்பது ஏழு வருடமாக எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்துப் பலகையில் அசையாமல் இருந்தது. இதை முதலில் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அங்கே உங்கள் பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் கணவர் ஜெயத்தின் அக்கா. மன்னாரில் இருந்து சுவிஸுக்கு வந்து, பேர்ண் நகரில் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். உங்களோடு வேலை செய்த ஒருத்தி தங்கள் சுடும் சங்கத்தைப் பார்க்க வரும்படி கூப்பிட, சும்மா போனீர்கள். ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருந்த அட்டையில் முதல் ஐந்து சன்னத்தையும் கறுப்பு வட்டத்துக்குள் போட்டீர்கள். அடுத்த கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் வலியப் போய் அதைத் தூக்குவதா என்று நான் கேட்டேன்.

"இது பேப்பருக்குச் சுடுற துவக்கு. பேப்பருக்கு நோகாது. வாரும்," என்றீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள்தான் வென்றீர்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் உங்கள் அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபம் இல்லாத சனிக்கிழமைகள் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நோய் உங்களை மூன்றே மாதத்தில் கொண்டுபோனது. சோறு குழைந்துவிட்டது, சூப்பில் உப்பில்லை என்றெல்லாம் சொன்ன நீங்கள், துவக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். படிவங்கள் நிரப்பி, பொலிஸ் அனுமதி எடுத்து, அதை என் பெயருக்கு மாற்றினோம். ஜெயம் அதைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவரைப் பொறுத்தவரை அது அத்தோடு முடிந்தது. நான் சனிக்கிழமைகளில் அதையே எடுத்துப்போய்ச் சுட்டேன்.

இதற்கிடையில் என் வலது கண்ணில் வெண்புரை வந்தது. சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது, தூரம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் துவக்கின் நுனியில் இருக்கிற குறிவளையம் பஞ்சாகிப் போனது. கண்ணருகே இருக்கும் துளை, நுனியில் வளையம், அதற்கப்பால் அட்டை, இந்த மூன்றையும் ஒரே கோட்டில் பிடிக்க என் கண்ணால் முடியவில்லை. நூற்று எழுபது, நூற்று அறுபத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே போனேன். எங்கள் குழுத் தலைவர் ரூடி நல்ல மனிதர். ஒருநாள் கோப்பி வாங்கித் தந்து, இலையுதிர்காலப் போட்டிக்கு வேறு ஒருவரைப் போடலாமா என்று மெல்லக் கேட்டார். மூன்று சங்கங்கள் சேர்ந்து நடத்தும் நட்புப் போட்டி அது. யாரும் எந்தப் பார்வைக்கருவியோடும் சுடலாம் என்பது அதன் விதி. தொலைநோக்கி பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது மச்சாள். குழாய்க்குள்ளால் பார்த்துச் சுடுகிறவர்களை நீங்கள் ஆளாகவே மதித்ததில்லை. ஆனால் உங்களுக்கு ஐம்பத்தொன்பது வயதிலும் பருந்தின் கண். நீங்கள் எப்படி அறிவீர்கள்?

முதலில் அவசரப்பட்டுப் பெரிய ஒன்றை இணையத்தில் எடுப்பித்தேன். இருபத்துநான்கு மடங்கு பெரிதாகக் காட்டுமாம். படுத்துப் பார்த்தால் என் இதயம் துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் அட்டை துள்ளியது. அதைவிட மோசம், தலையைக் கொஞ்சம் அசைத்தால் உள்ளே குறி காட்டும் குறுக்குக் கோடும் அட்டையில் இடம் மாறியது. அது தூரத்துக்குச் சுடும் பெரிய துப்பாக்கிகளுக்கென்று செய்தது; ஐம்பது மீற்றருக்குச் சரிவராது. திருப்பி அனுப்பிவிட்டு, லுசேர்ணில் ஒரு கடைக்கு ரயிலெடுத்துப் போனேன். கடைக்காரப் பெண் ஆறு தொலைநோக்கிகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றாக யன்னலால் நீட்டி, தெருவில் ஐம்பது மீற்றர் அளவு தள்ளி இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிச் சோதித்தேன். ஐந்தாவதில் முன்பக்கத் தூர வளையத்தை ஐம்பது மீற்றருக்குத் திருப்பியதும் கோடு பலகையில் ஒட்டிக்கொண்டது. ஒன்பது மடங்குதான், பாரமும் இல்லை. அதுவே போதும் என்றேன்.

வீட்டில்தான் உண்மையான போர். உங்கள் பழைய பார்வைத்துளையைக் கழற்றினால்தான் தொலைநோக்கிக்கு இடம் வரும். ஜெயம் சமையலறை வாசலில் நின்றார்.

"அக்கா வைச்சபடியே இருக்கட்டும்."

"வைச்சபடி இருக்கிறதுக்கு இது படமில்லை. சுடுறதுக்குத்தான் மச்சாள் இதை வாங்கினவ."

அவர் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டார். நீங்கள் இறுக்கிய திருகாணிகள் அல்லவா? அவற்றை நான் தளர்த்தலாமா? உங்களிடம் கேட்டேன். கழற்றினேன்.

துவக்குக்குள் சன்னம் இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, சன்னத்தை உள்ளே தள்ளும் பின்பூட்டை இழுத்து எடுத்து வைத்தேன். துவக்கின் மேலே இரண்டு பக்கமும் பள்ளமாக வெட்டியிருந்த தவாளிப்பில் தாங்கு வளையங்களைப் பூட்டி, அதற்குள் தொலைநோக்கியைக் கிடத்தினேன். கண்ணை மூடி, வழக்கம்போலக் கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்தேன். வட்டத்தின் விளிம்பு கறுப்பாகத் தெரிந்தது. தொலைநோக்கியை விரல் அகலம் முன்னுக்குத் தள்ளினேன். வட்டம் முழுக்க வெளிச்சம் வந்தது. நிமிர்ந்தபோது ஜெயம் எனக்குப் பின்னால் நின்றார். துவக்கைத் தொடாமல், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு குனிந்து, அதற்குள்ளால் பார்த்தார்.

"சரிஞ்சிருக்கு," என்றார்.

"எது?"

"உந்தக் கோடு. இப்பிடி ஆரும் மாபிள் பதிச்சால் வேலையாலை கலைச்சுப் போடுவாங்கள்."

முப்பது வருடம் நிலத்துக்கும் சுவருக்கும் மாபிள் பதித்த மனிதரால் சரிந்த கோட்டைச் சகிக்க முடியவில்லை. நிலவறைக்குப் போய்த் நூலில் தொங்கும் தன் தூக்குக்குண்டை எடுத்துவந்து யன்னலில் கட்டினார். நீர்மட்டக் கருவியை வைத்துத் துவக்கை நிமிர்த்தச் சொன்னார். நான் கோட்டைத் தூக்குநூலோடு பொருத்த, அவர் திருகாணிகளை மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினார். அன்று பூட்டி வைத்த பிறகு உங்கள் துவக்கில் அவர் கை மறுபடி பட்டது அப்போதுதான். அவர் கண் கலங்கியிருந்தது.

சுடுகளத்தில் முதல் சன்னம் கீழே இடப்பக்கமாகப் போனது. தொலைநோக்கியின் குமிழை ஒரு சொடுக்குத் திருப்பினால் சன்னம் படும் இடம் ஐம்பது மீற்றரில் நாலு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகரும். எண்ணி எண்ணித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். மூன்று சன்னம் ஒரே துளையில். நான்காவது உள்ளங்கை அகலம் தள்ளி. ஐந்தாவது வேறு பக்கம். தொலைநோக்கி பழுதாக இருக்கும் என்றார் ரூடி. கண்தான் பழுதோ என்று நான் பயந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தால், பின்வளையத்தின் பிடி ஒரு பக்கம் தவாளிப்புக்குள் இறங்காமல் விளிம்பில் ஏறி இருந்தது. அதைச் சரியாக இருத்தினேன். அடுத்த சனிக்கிழமை பத்துச் சன்னத்தையும் ஒரு சின்ன ஐந்து றாப்பன் காசால் மூடலாம் போல இருந்தது.

நேற்றைக்கு இருபது சன்னம். பத்தொன்பதாவதில் மூச்சு ஒழுங்கில்லாமல் எட்டுக்குப் போய்விட்டது. விரலை விசையிலிருந்து எடுத்து, முகத்தைத் தூக்கி, மூச்சு சீராகுமட்டும் இருந்தேன். இருபதாவது நடுப் பத்து. அதைச் சுடும்போதே தெரிந்தது மச்சாள். உங்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று சொல்லுவீர்கள், நான் நம்பியதில்லை.

எங்கள் குழு முதலாவதாக வந்தது. ரூடி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பலகையில் உங்கள் பெயரை அழிக்கப் போனார். நான் மறித்தேன். உங்கள் இலக்கம் வெறுங்கண்ணால் வந்தது. என்னுடையது கண்ணாடியால் வந்தது. கீழே இன்னொரு வரி கீறி, என் பெயரை எழுதி, பக்கத்தில் 'தொலைநோக்கியுடன்' என்று போடச் சொன்னேன். இப்போது இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் பெரிய இலக்கம் என்னுடையதுதான். அதில் உங்களுக்கு ஏதும் ஆட்சேபணையோ?

இடது கண்ணுக்கும் வருகிற வருடம் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு எந்தக் கண் எதைக் காட்டும் என்று வைத்தியருக்கும் முழுதாகத் தெரியாது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வலது கண் கைவிட்டால் இடது தோளில் வைத்துச் சுடப் பழகுவேன். படுத்து எழும்ப முழங்கால் விடாவிட்டால் மேசையில் வைத்துச் சுடுவேன். உங்கள் துவக்கு அலுமாரிக்குள் சும்மா கிடக்கிற சனிக்கிழமை ஒன்று, நான் நடமாடும் வரை வராது.

உங்கள் தம்பியின் மனைவி, என்றைக்கும் உங்கள் மச்சாள்,
றஞ்சினி
ஓஸ்டர்முண்டிகன்